பசை வாளியோடு ஒரு டியூக்

நகராட்சிக் கதவு ஏழு மணிக்குத்தான் திறக்கும். ஆனால் ஆறே முக்காலுக்கே அல்தெரிகோ வாசற்படியில் வந்து நின்றுவிடுவார்; சட்டைப் பையில் சொந்தப் பேனா. கதவு திறந்ததும் நேரே வருகைப் பதிவேட்டுக்குப் போய், அன்றைய பக்கத்தின் முதல் வரியில் கையெழுத்துப் போடுவார். முப்பத்தெட்டு வருடமாக அந்த முதல் வரி அவருடையது. ஒரே ஒரு நாள், பனிமூட்டத்தில் சைக்கிள் வாய்க்காலுக்குள் இறங்கிவிட, துப்புரவுப் பிரிவுக்காரர் ஒருவர் முந்திக்கொண்டார். அன்றைக்கு அல்தெரிகோ பதிவேட்டைத் தொடவே இல்லை. விடுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பொழுது சாயும் வரை வேலை செய்தார்.

வேலை என்றால் சுவரொட்டி ஒட்டுவது. சல்வேரா நகராட்சியின் பலகைகளில் எது ஏறினாலும் அவர் கையால்தான் ஏறும். சர்க்கஸ், தேர்தல், குப்பை வண்டி வரும் நேரம், திராட்சைத் திருவிழா, சாவு. ஒரு வாளி பசை, அகலப் பிரஷ் ஒன்று, மூன்றாம் படி ஆடுகிற ஏணி ஒன்று. எந்தச் சுவர் பசையை உறிஞ்சும், எது துப்பிவிடும் என்பது அவருக்கு அத்துப்படி. தேர்தல் சமயத்தில் எல்லாக் கட்சிக்காரர்களையும் ஒரே உயரத்தில் ஒட்டுவார். ஒருவர் தலை இன்னொருவர் தலைக்கு மேலே போகாது. அவர் மட்டும் ஓட்டுப் போட்டதில்லை. கேட்டால், "எனக்குச் சொந்தமான ஊருல, நான் போய் இன்னொருத்தனைத் தேர்ந்தெடுக்கவா? நல்லா இருக்கே கதை!" என்பார்.

அவர் சிரிக்காமல்தான் சொல்வார். அல்தெரிகோ, சல்வேரா டியூக் பட்டத்துக்கு உரிமை கோருகிறவர். அவருக்கு ஞானஸ்நானப் பெயர்கள் மட்டும் பதினொன்று; அடையாள அட்டையில் மூன்றுக்கு மேல் இடம் கிடைக்கவில்லை. முத்திரை மோதிரம் ஒன்று இருக்கிறது. பாட்டனார் விரல் தடிமன் பேரனுக்கு வாய்க்காததால், உள்பக்கம் மருந்துப் பிளாஸ்திரி சுற்றிப் போட்டுக்கொள்வார். பசை வேலையின்போது அதைக் கழற்றி மேல்பையில் வைத்துப் பொத்தான் போடுவார்.

சல்வேரா ஒரு காலத்தில் தனி நாடு. போ நதியிலிருந்து பார்மா சாலை வரைக்கும்தான் அதன் விரிவு. நல்ல கால் உள்ளவன் ஒன்றரை நாளில் சுற்றி வந்துவிடலாம். இத்தாலி ஒன்றாகிற சமயத்தில் கடைசி டியூக் இரண்டு வண்டி நிறைய வெள்ளிப் பாத்திரங்களோடு லுகானோவுக்குக் கிளம்பினார். இளைய மகன் கூடவே போனான். மூத்தவன் போகவில்லை. அவன் உப்புக் கிடங்குக் காவலாளியின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டான். மூத்தவன் வழியில் வந்தவர் அல்தெரிகோ. இளையவன் வழியில் வந்தவர் லுகானோவில் இருக்கிற கஸ்பாரே. தகப்பன் சம்மதம் இல்லாமல் கல்யாணம் செய்தவனுக்கு உரிமை போய்விட்டது என்பது கஸ்பாரே கட்சி. நாடே போன பிறகு யாரிடம் சம்மதம் கேட்பது என்பது அல்தெரிகோ கட்சி. இந்த வழக்கு எந்தக் கோர்ட்டிலும் இல்லை. குடியரசுக்கு இரண்டு பேருமே வரி கட்டுகிற சாமானியர்கள்தான்.

முதல் வரிப் பிடிவாதத்துக்கும் ஒரு காரணம் உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் உறவுக்காரக் கல்யாணம் ஒன்று. அல்தெரிகோவின் பாட்டனார் விருந்தினர் புத்தகத்தில், பேச்சு சுவாரசியத்தில், லுகானோக்காரருக்குக் கீழே இரண்டாம் வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டார். கையில் மதுக் கிண்ணம் இருந்ததாம். மேலே யார் பெயர் இருந்தது என்று பார்க்கவில்லையாம். அன்றிலிருந்து இன்றுவரை அந்தப் பக்கத்தின் நகலை எதிர்த்தரப்பு ஆட்டிக்கொண்டே இருக்கிறது. உங்கள் பாட்டனே எங்களுக்குக் கீழேதான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார், அப்புறம் என்ன பேச்சு? மனிதர் சாகும்வரை கல்யாண வீடுகளுக்குப் போகவில்லை. உலகத்தில் வேறு எந்தக் குடும்பத்திலாவது ஒரு கையெழுத்து ஓர் அங்குலம் கீழே போனதற்கு மூன்று தலைமுறை முகம் தொங்கிப்போயிருக்குமா, சொல்லுங்கள்.

ஊர் அவரை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று கேட்டால், காபிக் கடைக்குத்தான் கூட்டிப்போக வேண்டும். தேவாலயத்துக்கு எதிரே பெரிய நகராட்சிப் பலகை. பலகைக்கு நேர் எதிரே கண்ணாடி முகப்பு போட்ட ஒர்சோலாவின் கடை. காலை எட்டு மணிக்கு அல்தெரிகோ ஏணியை வெளியே சாய்த்துவிட்டு உள்ளே வருவார்.

"வாங்க ராசா! செங்கோலை வெளியவே விட்டுட்டீங்களா?" ஒர்சோலா ஏணியைப் பார்த்துக் கேட்பாள். அவளுக்கு ஐம்பது வயது. யாரையும் விட்டுவைக்காத வாய்.

"காபிய ஊத்து."

"கஜானாவுல கொஞ்சம் கிராப்பாச் சாராயமும் இருக்கு. ஊத்தவா?"

"ரெண்டு சொட்டு. அரசாங்க வேலையில இருக்கேன்."

"எந்த அரசாங்கம்? உங்களோடதா, அவங்களோடதா?"

கடை சிரிக்கும். அல்தெரிகோவும் சேர்ந்து சிரிப்பார். கேலிக்கு அவர் கோபித்துக்கொண்டு யாரும் பார்த்ததில்லை. 'டியூக்' என்று சொல்லும்போது யாராவது விரலால் காற்றில் மேற்கோள் குறி போட்டுக் காட்டினால் மட்டும் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

அந்தக் கடையில் சிரிக்காத ஆள் ஒருவர்தான். மருந்துக்கடையை மகளிடம் ஒப்படைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பெர்தோல்தி. ஊருக்கு அவர் டாக்டர். அல்தெரிகோவுக்கு அவர் குடிபடை மொத்தமும். டியூக் குடும்பச் சட்டம், பழைய கடிதங்கள், அந்தப் பாழாய்ப்போன விருந்தினர் புத்தகத்தின் நகல் எல்லாவற்றையும் பச்சைக் கோப்பு ஒன்றில் போட்டு, நாடா கட்டி, பக்க எண் கொடுத்து வைத்திருப்பவர் அவர். அல்தெரிகோ இதுவரை ஒரே ஒருவருக்குத்தான் வீரர் பட்டம் கொடுத்திருக்கிறார், அது பெர்தோல்திக்கு. சீட்டாட்டத்தில் சண்டை வந்து இரண்டு தடவை பறித்து, இரண்டு தடவையும் ஈஸ்டருக்குள் திருப்பிக் கொடுத்தாயிற்று.

ஒவ்வொரு ஜனவரியிலும் லுகானோவிலிருந்து பதிவுத் தபால் வரும். 'எமது குலத்தின் பெயரையும் சின்னத்தையும் தாங்கள் பயன்படுத்துவதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.' கீழே கஸ்பாரேயின் கையெழுத்து. பிப்ரவரியில் அல்தெரிகோ பதில் கண்டனம் அனுப்புவார். இப்படி நாற்பத்தொரு வருடம். அல்தெரிகோ கல்யாணம் செய்துகொள்ளவில்லை; கூடப்பிறந்தவர்களும் இல்லை. கரண்டுக் கம்பெனியைத் தவிர அவருக்குத் தவறாமல் கடிதம் எழுதிய ஒரே மனிதர் கஸ்பாரேதான். ஜனவரி பத்து தாண்டியும் தபால் வராவிட்டால் அல்தெரிகோவுக்கு இருப்புக்கொள்ளாது. தபால்காரியைத் தெருவில் நிறுத்தி, "எனக்கு ஒண்ணுமில்லியா? நல்லாப் பாத்தியா?" என்பார்.

நேரில் வருடத்துக்கு ஒரு தடவை. நவம்பரில் முன்னோர்களுக்கான பூசைக்குக் கஸ்பாரே வருவார். தேவாலயத்தின் முதல் வரிசையில் வலது ஓரம் அவர், இடது ஓரம் இவர். நடுவில் ஒன்பது பேர் உட்காரும் பெஞ்சு காலியாகக் கிடக்கும். பேச்சு கிடையாது. பேசினால் யார் யாரை முதலில் எப்படி அழைப்பது என்ற கேள்வி வந்துவிடுமே. ஆனால் போன ஜனவரிக் கண்டனத்தின் அடியில், தட்டச்சு முடிந்த இடத்துக்குக் கீழே, நடுங்குகிற கையால் எழுதிய ஒரு வரி இருந்தது: 'பூசையில் நீங்கள் முழங்காலிட்டு எழ மிகவும் சிரமப்பட்டதைக் கவனித்தேன். இப்போது எப்படி இருக்கிறது?'

பெர்தோல்தி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இது பொறி. பதில் போடாதீங்க. நலம் விசாரிச்சா சிநேகம், சிநேகம்னா அங்கீகாரம்."

அல்தெரிகோ பதில் போட்டார். வழக்கமான கண்டனம், அடியில் ஒரு வரி: 'ஏணி ஏறும்போது பரவாயில்லை, இறங்கும்போதுதான் வலிக்கிறது.' அந்தக் கடிதத்தின் நகல் மட்டும் பச்சைக் கோப்புக்குப் போகவில்லை.

இந்த நவம்பரில், பூசைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பனிமூட்டம் தேவாலய மணிக்கூண்டைப் பாதி தின்றிருந்தது. முதல் வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு அல்தெரிகோ அன்றைய சுவரொட்டிக் கட்டை எடுக்கப் போனார். எழுத்தர் பெண் அவர் முகத்தைப் பார்க்காமல் ஒரு சுருளை மேசையில் வைத்தாள். "இதை நீங்க ஒட்டணுமான்னு எனக்கே சங்கடமாத்தான் இருக்கு. உங்களுக்கு மாத்தா அனுப்பலாம்னா, எடுபிடி மிர்கோ கால்ல கட்டுப் போட்டுக் கெடக்கான். வேற ஆளு இல்ல."

கறுப்புக் கரை போட்ட தாள். மேலே சிலுவை. பெரிய எழுத்தில்: 'மேன்மை தங்கிய கஸ்பாரே, சல்வேராவின் டியூக், தமது எண்பத்தோராம் வயதில் இறைவனடி சேர்ந்தார். நாளை காலை பத்து மணிக்கு நம் தேவாலயத்தில் பூசை. பிறகு முன்னோர் கல்லறையில் அடக்கம். கண்ணீருடன் அறிவிப்பவர்: மகள் மதில்தே.'

அல்தெரிகோ அதை இரண்டு தடவை படித்தார். "எப்ப?" என்று கேட்டார்.

"ஞாயித்துக்கிழமையாம். தூக்கத்திலயே."

அவர் சுருளை அக்குளில் வைத்துக்கொண்டு, வாளியில் பசை கரைத்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். ஏறி மிதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்துப் பார்த்தார். பூசணிக்காய் வைத்த தோர்த்தெல்லி சாப்பிட்டுவிட்டுத் தூங்கியது ஞாபகம் வந்தது. தகப்பனார் போனபோது அழுகை வந்தது. இப்போது அது வரவில்லை, ஆனால் ஊரே காலியானது போல் இருந்தது. இந்த விஷயத்தை அவரளவுக்கு உண்மையென்று நம்பிய இன்னொரு ஆத்மா உலகத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. அதுவும் போய்விட்டது.

கடைக்குள் செய்தி அவருக்கு முன்னாலேயே வந்திருந்தது. பெர்தோல்தி எழுந்தே நின்றுகொண்டிருந்தார், முகம் சிவந்திருந்தது. துக்கமா சந்தோஷமா என்று அவருக்கே பிடிபடவில்லை.

"உக்காருங்க. நிதானமாக் கேளுங்க. கஸ்பாரேக்கு ஆண் வாரிசு இல்ல. பொம்பளைக்குப் பட்டம் கெடையாதுன்னு குடும்பச் சட்டத்துல இருக்கு. அப்படீன்னா இன்னிக்கு நீங்க மட்டுந்தான். உங்க பாட்டன் போட்ட கையெழுத்தை இனிமே யாரு ஆட்டுவா? ஆளே இல்ல!"

"ம்" என்றார் அல்தெரிகோ. சுருள் இன்னும் அக்குளில்தான் இருந்தது.

பெர்தோல்தி அதைப் பார்த்துவிட்டார். "அது என்ன?"

அல்தெரிகோ மேசைமேல் ஒரு தாளை விரித்தார். பெர்தோல்தி குனிந்து படித்து, நிமிர்ந்தார். "இதை நீங்க ஒட்டக்கூடாது."

"என் வேலை."

"ஏழாம் பிரிவு! குடும்பத்துல ஒருத்தன் தன் கையால இன்னொருத்தனை டியூக்குன்னு ஊருக்கு அறிவிச்சா, அவனோட உரிமை அந்த நிமிஷமே போச்சு. சாட்சி ஒருத்தன் போதும்."

"நானா எழுதினேன்? அந்தப் பொண்ணு எழுதியிருக்கு."

"எழுதினது யாரா இருந்தா என்ன? ஊருக்கு அறிவிக்கிறது ஒட்டுறவன்தானே? உங்க பாட்டன் குடிச்சிட்டுப் போட்ட ஒரு கையெழுத்துக்கே தொண்ணூறு வருஷம். இது சுவரு! முழுசா, பட்டப்பகல்ல, உங்க கை!"

"ஒட்டாம விட்டா?" என்று கேட்டாள் ஒர்சோலா, கண்ணாடிக் கிளாஸைத் துடைத்துக்கொண்டே.

சல்வேராவில் காலைக் காபியைக் குடித்துவிட்டுத்தான் சாவுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பார்கள். பலகையில் பார்ப்பார்கள், பார்த்தால் போவார்கள். பலகையில் ஏறாத சாவுக்குப் பாதிரியாரும் கல்லறைக்காரரும் மட்டும்தான் மிஞ்சுவார்கள். லுகானோவிலிருந்து வருகிற அந்தப் பெண்ணுக்கு இங்கே ஒரு முகமும் தெரியாது. மத்தியானத்துக்குள் தாள் ஏறவில்லை என்றால், நாளைக்குத் தகப்பன் பெட்டிக்குப் பின்னால் அவள் ஒற்றை ஆளாக நடக்க வேண்டியதுதான்.

"ஒரு நாள்" என்றார் பெர்தோல்தி. குரல் இறங்கியிருந்தது. "ஒரே ஒரு நாள் காய்ச்சல்னு படுத்துக்குங்க. நான் சீட்டு எழுதித் தர்றேன். இத்தனை வருஷமும் எதுக்கு? நான் எதுக்கு இந்தக் கோப்பைக் கட்டிக் காத்தேன்? நீங்க ஒட்டி, அதை நான் பாத்தா, பாத்தேன்னு எழுதியே ஆகணும். என்னால பொய் எழுத முடியாது, அல்தெரிகோ."

முதல் தடவையாக அவர் வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அல்தெரிகோ கிராப்பா விடாத காபியை ஒரே மடக்கில் குடித்தார். மேல்பையில் கை வைத்துப் பொத்தான் போட்டிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு தாளைச் சுருட்டி அக்குளில் வைத்து, வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கதவு மூடியதும் ஒர்சோலா துணியைத் தோளில் போட்டாள். "டாக்டரே, பாத்தாத்தானே எழுதணும்?"

"ஆமா."

"அப்போ நாற்காலியைத் திருப்புங்க."

பெர்தோல்தி அவளை முறைத்தார்.

"என்ன முறைப்பு? காபி மிஷினை வேடிக்கை பாருங்க. நான் அதைப் பளபளன்னு வெச்சிருக்கேன், இத்தனை நாளா ஒருத்தராவது ஒரு வார்த்தை சொன்னீங்களா? ஏய், எல்லாருந்தான்! திரும்புங்க! இங்க யாரும் எதையும் பாக்கல."

நாற்காலிகள் தரையில் கரகரத்தன. எல்லாருக்கும் கடைசியாகப் பெர்தோல்தியும் திரும்பி உட்கார்ந்தார். கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, போட்டோவுக்கு உட்காருகிற மாதிரி விறைப்பாக.

வெளியே அல்தெரிகோ ஏணியை விரித்தார். பழைய சர்க்கஸ் தாளின் ஓரத்தைச் சுரண்டி, ஒரே இழுப்பில் உரித்தார். சுவரை நனைத்தார். தாளின் முதுகில் பசையைத் தடவி, இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார். மேல் ஓரத்தைப் பதித்துவிட்டுப் பிரஷை நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்தார். பெயருக்கு மேல் போனது. பட்டத்துக்கு மேல் போனது. அந்த இடத்தில் ஒரு காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டது. பிரஷுக்கு மசியவில்லை. உள்ளங்கையை வைத்து மெதுவாக அழுத்தி, 'டியூக்' என்ற எழுத்துக்கு அடியிலிருந்து அதை ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்றினார். பிறகு ஏணியிலிருந்து ஒவ்வொரு படியாக, வலிக்கிற முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

கடைப்பக்கம் திரும்பியபோதுதான் அவர் அதைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் ஆறு முதுகுகள். ஒர்சோலாவின் பின்கொண்டை. பெர்தோல்தியின் சாம்பல் நிறக் கோட்டு, தோளில் பொடுகு. புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இத்தனை காலம் கேலி பேசிய ஊர், அவருடைய பட்டத்தைக் காப்பாற்ற ஓசைப்படாமல் திரும்பி உட்கார்ந்திருந்தது. இப்படியே ஏணியை மடக்கிக்கொண்டு அடுத்த சுவருக்குப் போய்விடலாம். யாரும் பார்க்கவில்லை. மத்தியானத்துக்குள் சல்வேராவுக்கு ஒரே டியூக். அவரை மறுத்துப் பேச ஓர் ஆள் கிடையாது.

அவர் பலகையை ஒரு தடவை பார்த்தார். ஈரத் தாளில் அந்தப் பெயர் கறுப்பாக, தெளிவாக இருந்தது. அதன் எதிரே முதுகைக் காட்டி உட்கார்ந்த ஒரு காபிக் கடை.

தெருவைக் கடந்து வந்து, பிரஷின் கட்டையால் கண்ணாடியைத் தட்டினார். யாரும் திரும்பவில்லை. மறுபடியும், பலமாகத் தட்டினார்.

"போங்க ராசா, நாங்க ஒண்ணும் பாக்கல!" உள்ளேயிருந்து ஒர்சோலாவின் குரல்.

அல்தெரிகோ கதவைத் தள்ளித் திறந்தார். பனி உள்ளே நுழைந்தது.

"செத்தவருக்கு யாராவது முதுகைக் காட்டுவாங்களா? திரும்புங்க. டாக்டரே, நீங்கதான் முதல்ல."

பெர்தோல்தி நாற்காலியோடு மெல்லத் திரும்பினார். கண்கள் கலங்கியிருந்தன. அல்தெரிகோ கதவோரமாக விலகிப் பலகை தெரிய வழிவிட்டார். குல்லாயை எடுத்து மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பசை சொட்டும் பிரஷை நீட்டி அந்த முதல் வரியைக் காட்டினார்; பெர்தோல்தி அதை முழுவதும் படித்து முடிக்கும்வரை கையை இறக்கவில்லை.